பெயரைச் சொல்லவில்லையே

"படிச்ச பிள்ளதான், யாரு இல்லன்னா? ஆனா எத்தன வாரத்துக்குச் சரக்கு இருக்கும்?"

இப்படிக் கேட்டவர் எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அக்கம்பக்கத்தில் இருக்கும் நான்கு சிறிய சபைகளுக்குப் போதகராக நான் வந்து சேர்ந்த முதல் ஞாயிறு அது. ஆராதனை முடிந்து, ஆலயத்தின் பக்கவாட்டு அறையில் வெள்ளை அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே நின்று அவர் பொருளாளரிடம் கேட்டார். பொருளாளர் சிரித்துக்கொண்டே, "மழக்காலம் வர ஓடும் அண்ணாச்சி" என்றார்.

அங்கியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து இருவருக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன். இருவரும் பதிலுக்குச் சொன்னார்கள். என் காதில் விழுந்தது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இறையியல் கல்லூரியில் என்னோடு படித்த பையன்களில் பாதிப் பேர் போதகர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பிரசங்க நோட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கும். தாத்தா எழுதியது, அப்பா அதில் அடித்துத் திருத்தியது, பிறகு மகன் அதைப் பார்த்து எழுதியது. பண்டிகை நாள் வந்தால் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போன் போடுவார்கள்: "அப்பா, அறுப்பின் பண்டிகைக்கு நீங்க என்ன பேசுனீங்க?" எனக்கு அப்படிப் போன் போட இடமில்லை. அப்பா செங்கல் சூளைக்குப் போகிறவர். அம்மா பீடி சுற்றுகிறவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். முதல் பிரசங்கத்துக்கு முந்தின நாள் அம்மாவிடம், என்ன பேசட்டும் என்று விளையாட்டாகக் கேட்டேன். "என்னத்தயும் பேசு. சத்தமாப் பேசு. பின்னால இருக்கவனுக்குக் கேக்கணும்லா" என்றாள்.

சத்தமாகத்தான் பேசினேன். யாருடைய நோட்டையும் பார்க்காமல், ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்லாமல் பேசினேன். மழைக்காலம் இரண்டு முறை வந்து போயிற்று. பக்கத்துச் சேகரத்திலிருந்து, அதாவது வேறொரு போதகரின் சபைகளிலிருந்து, ஆட்களைச் செயலாளரே கூட்டிக்கொண்டு வந்து முன் பெஞ்சில் உட்கார வைத்தார். எனக்கு அது போதும் என்று இருந்தது. போதாது என்பது பிறகுதான் தெரிந்தது.

போதகர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்வதாக வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். திங்கள் தொடங்கினால் அடக்க ஆராதனை, ஆஸ்பத்திரி, புதுவீட்டு ஜெபம், பிறந்தநாள் ஜெபம், பாடகர் குழுவில் சண்டை, ஒலிபெருக்கி ரிப்பேர், போலீஸ் வேலைக்குப் போகிற பையனுக்கு நன்னடத்தைக் கடிதம். நான்கு ஊருக்கும் ஸ்கூட்டரில் சுற்றி வந்தால் சனிக்கிழமை மாலைதான் மேசைக்கு முன்னால் உட்கார முடியும். அந்த ஞாயிற்றுக்குரிய வேதபகுதியும் தலைப்பும் சபை நாட்காட்டியில் முன்பே அச்சாகியிருக்கும். அதற்கு மூன்று குறிப்பு, ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டுக்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். வழியில் பார்த்தது, வீடுகளில் கேட்டது எல்லாம் அதில் ஏறும். விலை கிடைக்காமல் எலுமிச்சை மூட்டையை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன விவசாயியைப் பார்த்து மனசு பதறியது. பதறி முடிப்பதற்குள் அது எந்த ஞாயிற்றுக்கு ஆகும் என்று யோசித்தேன்.

விருந்துக்குச் சமைக்கிறவள் நாக்கு நுனியில் உப்புப் பார்ப்பாளே, அப்படித்தான் வேதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஐந்து மாதம் எனக்கென்று ஒரு வரி வாசிக்கவில்லை. காலையில் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினால், "முதலாவதாக" என்று வாயில் வந்தது. இதை யாரிடம் சொல்வது? சபையார் அவரவர் பாரத்தை என்னிடம் கொண்டுவருகிறவர்கள். கமிட்டியிடம் சொன்னால், சரக்குத் தீர்ந்துவிட்டது என்று நானே வாக்குமூலம் கொடுத்ததாகிவிடும். அம்மாவிடம் சொன்னால், சாப்பிட்டாயா என்பாள்.

போன சீசனில் போதகர்களுக்கான தியான நாட்கள் குற்றாலத்தில் நடந்தன. மூன்று நாள். எங்கள் பகுதியிலிருந்து வந்தவர்களில் பெண் நான் ஒருத்திதான். தனி அறை இல்லை என்று சமையற்கட்டை ஒட்டிய சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் காலை ஆறிலிருந்து எட்டு வரை 'மௌன நேரம்' என்று போட்டிருந்தது. ஆறு மணிக்கெல்லாம் தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாகக் கூட்டம் அருவிக்குக் கிளம்பிவிட்டது.

"மௌன நேரம்லா?" என்று கேட்டேன்.

"அருவிக்கு அடியில நின்னா எவன் பேச முடியும்? அதவிட மௌனம் ஏது?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சு கிடையாது. இந்த இடமாற்றத்தில் யாருக்கு எந்தச் சேகரம், யாருக்கு ஆலங்குளம், யாருக்குத் திருநெல்வேலி டவுன்.

தியானத்தை நடத்தித் தர வந்திருந்த மூத்த போதகருக்கு முழங்கால் வலி. அதனால் அவர் அருவிக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் காலை, சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து மாதம், உப்புப் பார்ப்பது, அந்த 'முதலாவதாக'. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "இது ஊழியக்காரங்க எல்லாருக்கும் வாரதுதாம்மா. யாரும் வெளிய சொல்லுததில்ல. நீ சொல்லிட்ட" என்றார். தலையில் கைவைத்து ஜெபித்தார். அன்று மதியம் அந்த அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் தூங்கினேன். பல மாதமாக அப்படித் தூங்கியதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த லேசு சில நாள் நின்றது. இதையும் எழுதாமல் விட்டால் நான் நியாயமாக எழுதியதாகாது.

மூன்று வாரம் கழித்துத் தென்காசியில் கன்வென்ஷன் கூட்டம். அந்த மூத்த போதகர்தான் அங்கே பிரசங்கியார். என் நான்கு சபைகளும் வேன் பிடித்து வந்திருந்தன. பிளாஸ்டிக் நாற்காலி, மேலே தகரக் கொட்டகை, ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் சாரலுக்குக் குடை பிடித்திருந்தார்கள். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் குற்றாலத்துல ஒரு தங்கச்சி எங்கிட்ட வந்து கதறி அழுதா. சாதாரண விசுவாசி இல்ல, ஊழியக்காரி. பேரச் சொல்ல மாட்டேன். 'ஐயா, அஞ்சு மாசமா நான் வேதத்தத் தொறந்ததே பிரசங்கத்துக்குத்தான்'னா..."

நான் அழவில்லை. அழுகையை அவர் சேர்த்துக்கொண்டார்.

கூட்டம் 'உச்' கொட்டியது. பிறகு கழுத்துகள் திரும்பத் தொடங்கின. முதலில் என் சபைப் பெண்கள், அப்புறம் அவர்களுக்கு முன்வரிசை, அப்புறம் யாரென்றே தெரியாதவர்கள். செயலாளர் மட்டும் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். கடைசிப் பாட்டை நான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினேன்.

அடுத்த ஞாயிறு செயலாளர் என்னிடம் வந்தார். இவ்வளவு மரியாதையோடு அவர் அதுவரை பேசியதில்லை.

"அம்மா, ரெண்டு வாரம் வெளிய இருந்து யாரையும் கூப்பிட்டுக்கிடுவமா? நீங்க கொஞ்சம் ஓய்வா..."

"நான் நல்லாத்தான் இருக்கேன் அண்ணாச்சி."

"இருக்கிய, இருக்கிய. ஆனா பேச்சு வந்துட்டுல்லா."

பெண்கள் ஐக்கியம் எனக்காக வெள்ளிக்கிழமை உபவாசம் வைத்தது. ஜெபக் குறிப்புகளை ஒருவர் வரிசையாக வாசித்தார். ஒருவருடைய குடல் ஆப்பரேஷனுக்கும் ஒரு பையனின் போலீஸ் தேர்வுக்கும் நடுவில் என் ஆத்துமா வந்தது.

செவ்வாய்க்கிழமை திருநெல்வேலியில் அந்த மூத்த போதகரின் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்து உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

"நான் பேரச் சொல்லலையேம்மா."

"இந்தப் பக்கத்துல ஊழியக்காரப் பொம்பள நான் ஒருத்திதான் ஐயா."

"அன்னைக்கு எத்தன பேரு முன்னால வந்து முழங்கால் போட்டாங்க, பாத்தேல்லா? உன் சாட்சி வீணாப் போகலம்மா."

"அது சாட்சி இல்ல. உங்ககிட்ட சொன்னது."

அவருக்குப் பிடிபடவில்லை. உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: "வீட்டுல நான் மூக்கச் சிந்துனாலே மறுவாரம் மேடையில வந்துரும். உன்ன மட்டும் விட்டு வைப்பாங்களா? நானெல்லாம் பேசுததயே கொறச்சிட்டேன்."

அவர் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை.

கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. வாராவாரம் எடுத்துக்காட்டு வேண்டியிருக்கிற மனிதர். அப்படி ஒருவரிடம் வாயைத் திறந்தது என் தப்பு என்று என்னையே திட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பினேன். 'பேரச் சொல்லலையே' காதிலேயே நின்றது. பழைய பேட்டை தாண்டுவதற்குள் அது அவர் குரலில் இல்லை. என் குரலில் இருந்தது. ஒரு வருடத்துக்கு முன்பு, இதே சொல்லை, ரேஷன் கடை வாசலில் நின்று நான் சொல்லியிருக்கிறேன்: "பேரச் சொல்லலையே அக்கா."

அந்த அக்கா என் இரண்டாவது சபையைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். பீடி சுற்றுகிறவர். வீடு சந்திக்கப் போன ஒருநாள் தன் வீட்டு விஷயம் ஒன்றை என்னிடம் சொன்னார். அது என்ன என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. அந்தச் சனிக்கிழமை இரண்டாவது குறிப்புக்கு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை 'ஒரு தாய்' என்று தொடங்கினேன். நாற்பது வீடு உள்ள ஊரில் 'ஒரு தாய்' என்றால் யாருக்குத்தான் தெரியாது? அன்றைக்குப் பல பேர் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. ரேஷன் கடையில் பார்த்தபோது ஏன் வரவில்லை என்று நானே கேட்டேன். அவர் காரணத்தைச் சொன்னார். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "சரிங்கம்மா" என்றார். அத்தோடு விட்டேனா? வருகைப் பதிவேட்டில் 'ஒழுங்கில்லை' என்று எழுதினேன். பின்வாங்கிப் போகிறவர்களைப் பற்றி ஒரு பிரசங்கம்கூடச் செய்தேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து மடியில் பீடித்தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கை நிற்கவில்லை.

"வாங்க. என்ன, கோயில் சங்க வசூலா?"

"இல்லக்கா. அன்னைக்கு நான் பேசுனதுக்கு..."

"அது ஆச்சே ஒரு வருசம்."

"தப்புப் பண்ணிட்டேன்."

ஒரு பீடிக்கு நூல் கட்டி முடித்தார். "கன்வென்ஷன்ல ஒங்களப் பத்திச் சொன்னாவளாம்லா. பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னா. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது பாருங்க."

"சந்தோசப்பட வேண்டியதுதான்க்கா."

"நீங்க மட்டமாப் பேசியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பாளுவ. நல்லாப் பேசிட்டிய. இன்னைக்கும் தண்ணி பிடிக்கப் போனா அந்தப் பிரசங்கத்தச் சொல்லுதாளுவ."

"வார ஞாயித்துக்கிழம சபைக்கு முன்னால மன்னிப்புக் கேக்கேன்."

"எதுக்கு? அதையும் ஒரு பிரசங்கமாக்கவா?"

ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன். எங்களுக்கு வேறொன்றும் தெரியாத இடத்தில் நாங்கள் கேட்பது அதைத்தான். "வேண்டாம். அந்த இலைய இங்கன தள்ளுங்க" என்றார். தள்ளினேன். படியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கத்தரிக்கோல் கிடந்தது. தகர அளவை வைத்து இலையை வெட்டத் தொடங்கினேன். நாலைந்து இலை வெட்டியதும் என் கையைப் பார்த்தார்.

"பழகுன கையால்லா இருக்கு."

"எங்கம்மா பீடிதான் சுத்துதா."

"அப்படியா? அத ஒரு நாளும் பிரசங்கத்துல சொல்லலையே. ஊர்ல எல்லார் வீட்டுக் கதையும் சொன்னிய."

அவர் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எங்கே போய்ப் பட வேண்டுமோ அங்கே போய்ப் பட்டது. கல்லூரியில் யாராவது கேட்டால் அம்மா 'வீட்டிலிருந்தே வேலை' என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டுப் பொருளை மேடையில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வீட்டுப் பொருளுக்கு அந்த நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் இலை வெட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அவர் இன்றுவரை ஆலயத்துக்கு வரவில்லை. வரச்சொல்லி நான் கேட்கவும் இல்லை. இதை எழுதட்டுமா என்று மட்டும் போய்க் கேட்டேன். "எங்கதைய விட்டுட்டு ஒங்க கதைய எழுதுங்க" என்றார்.

அந்த ஞாயிறு எடுத்துக்காட்டு இல்லாமல் பேசினேன். பதினோரு நிமிடம். செயலாளர் கைக்கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தார்.

எடுத்துக்காட்டு நோட்டைக் கிழித்துப் போட்டாயிற்று. ஆனால் நோட்டைக் கிழித்தால் தாகம் தீருமா? யாரிடமாவது வாயைத் திறக்க வேண்டும். அது பிரசங்கமாகிவிடக் கூடாது. அப்படி ஓர் ஆள் இல்லாவிட்டால், அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்ற இடத்துக்கு வந்திருந்தேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ராஜினாமாக் கடிதத்தின் முதல் இரண்டு வரி போனில் இருந்தது.

என்னோடு படித்தவள் ஒருத்தி திருவேங்கடம் பக்கம் ஐந்து சபைகளைப் பார்க்கிறாள். அவளும் என்னைப் போலத்தான், வீட்டில் நோட்டுக்கட்டு இல்லாதவள். நாங்கள் ஊழியத்துக்கு வந்த புதிதில் சனிக்கிழமைதோறும் எனக்குப் போன் போடுவாள். "இந்த வாரம் என்ன பேசப்போற?" என்பாள். நான் பாடுபட்டு யோசித்ததை இவள் சுலபமாக வாங்கிப்போகப் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சல். ஒருநாள், "சொந்தமா யோசிக்கப் பழகு" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நான் கூப்பிட்டேன்.

"ஏட்டி, உயிரோடதான் இருக்கியா? நீ வறண்டு போயிட்டதாக் கேள்விப்பட்டேன்."

"அங்கன வரைக்கும் வந்துட்டா?"

"இங்கன ஊரே வறண்டுதான் கெடக்கு. உன்னையும் சேத்துக்கிடுதோம், வா."

சிரித்து முடித்த பிறகு, அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு வருத்தம் சொன்னேன்.

"நான் உங்கிட்ட பிரசங்கம் கேக்கலட்டி. சனிக்கிழம சாயங்காலம் ஆச்சுன்னா வெறுந்தாள முன்னால வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். யாராவது எங்கூட இருக்கணும்னு இருக்கும். அதுக்காகத்தான் பேச்சுக் கொடுத்தேன்."

வெளியே எங்கெங்கோ தேடியதை நான் ஒன்றரை வருடத்துக்கு முன்பே போனை வைத்துத் துண்டித்திருக்கிறேன். இதற்கு யாரைக் குறை சொல்வது?

இருவருக்கும் பொதுவாகப் புளியங்குடி என்று முடிவு செய்தோம். திங்கள் முற்பகல். ஓர் ஆலயத்தின் கடைசிப் பெஞ்சு. வெளியே எலுமிச்சை லாரிகள் பின்வாங்கும் சத்தம். வருகிற ஞாயிற்றின் வேதபகுதியைத் தொடுவதில்லை. அவள் ஒரு பகுதியை வாசிக்க நான் கேட்பது, பிறகு நான் வாசிக்க அவள் கேட்பது. அங்கே பேசுவது இருவர் மேடைக்கும் போகக் கூடாது. முதல் நாள் அவள் நாலு வரி வாசிப்பதற்குள் நிறுத்தினாள்.

"பிரசங்கத்துக்குப் பாயிண்ட் எடுக்காதட்டி."

"எடுக்கல."

"ஒங்கண்ணு மேல போகுது. அது ரெண்டாவது பாயிண்ட் தேடுத கண்ணு. எனக்குத் தெரியாதா?"

மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். ஒன்றும் ஊற்றெடுத்துவிடவில்லை. வேறொரு வாயிலிருந்து வேதத்தை, மதிப்பெண் போடாமல், கேட்டேன். அவ்வளவுதான். அவளை நான் முழுதாக நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை. அவளும் பிரசங்கிதான். அவளுக்கும் என் விஷயத்தில் அதே சந்தேகம் இருக்கும். இருந்தும் இருவரும் பஸ் ஏறுகிறோம்.

செயலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். இனித் திங்கட்கிழமை முற்பகல் நான் சேகரத்தில் இருக்கமாட்டேன் என்றும், அந்த நேரத்தில் போன் எடுக்கமாட்டேன் என்றும் எழுதியிருந்தேன்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "காரணம் போடலையேம்மா?"

"என் ஆத்துமாவப் பாத்துக்கிடப் போறேன் அண்ணாச்சி."

"அத எப்படித் தீர்மானத்துல எழுத? கமிட்டியில வச்சுப் பேசித்தான் சொல்லணும்."

"பேசிச் சொல்லுங்க" என்றேன்.

கமிட்டி கூடுவது மாதக் கடைசியில். அதற்குள் இரண்டு திங்கட்கிழமை புளியங்குடிக்குப் போய்வந்துவிட்டேன்.